நிலத்தை விற்கும் முன், கண்ணில் கை வைக்கும் முன்

வாசகர் கேள்வி – ஆலோசனை
பதில்: ஓய்வுபெற்ற விமானப்படைப் பயிற்று விமானி, தொழில் ஆலோசகர்

ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 18 முடிந்து எட்டு மாதம். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் 80 மதிப்பெண்ணுக்கு மேல். இப்போது தஞ்சாவூரில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு. தஞ்சைத் தளத்தின் சுகோய் போர் விமானம் தலைக்கு மேல் போகும்போது வயல் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர். போர் விமானி ஆக வேண்டும் என்கிறார். கண்ணாடி உண்டு: வலது கண் மைனஸ் 1.25, இடது கண் மைனஸ் 1.

அவர் போட்டிருக்கும் திட்டம் இது. இந்தக் கோடை விடுமுறையில் லேசிக், அதாவது கண்ணாடி தேவைப்படாதபடி கருவிழியை லேசரால் சீர்செய்யும் அறுவை சிகிச்சை, செய்துகொள்வது. அப்பா தன் ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நஞ்சையில் ஆறு மாவை விற்று, வணிக விமானி உரிமம் எடுக்கப் பணம் தருவது. அந்த உரிமத்தைக் காட்டிப் போர் விமானியாகச் சேர்வது. இடையில் ஒரு பயிற்சி மையம் மூன்று லட்சம் ரூபாய் கேட்டு, நேர்முகத் தேர்வில் தேர்ச்சி உறுதி என்கிறது. மாமாவின் ஸ்விஃப்ட் காரைப் புதிய நான்குவழிச் சாலையில் 140-ல் ஓட்டிப் பழகுவதாகவும், அந்த வேகம் விமானிக்கு உதவும்தானே என்றும் கேட்கிறார். சுகோய், ரஃபேல், தேஜஸ் மூன்றில் எது சிறந்தது என்பது இன்னொரு கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், “பதினோராம் வகுப்பு படிக்கும் என் தங்கைக்கும் இதே ஆசை, கண்ணாடி கிடையாது” என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசலாம். முதலில் அந்த லேசிக் தேதியை ரத்து செய்யுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் போய்த் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் அந்தப் பணம் போனாலும் போகட்டும். இந்தக் கோடையில் அந்த அறுவை சிகிச்சை நடந்தால், எந்தக் கதவைத் திறக்க நினைக்கிறீர்களோ அந்தக் கதவே உங்களுக்கு நிரந்தரமாக மூடிவிடும்.

கண்: இருபது வயது என்னும் எல்லை

விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு இரண்டு பெரிய வாசல்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு என்டிஏ எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமி. பட்டதாரிகளுக்கு ஏஎஃப்கேட் (விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வு), சிடிஎஸ் (முப்படைகளுக்குமான பொதுத் தேர்வு), என்சிசி சிறப்பு நுழைவு ஆகியவை. என்டிஏ வழியாகப் பறக்கும் பிரிவுக்குப் போகிறவருக்குக் கிட்டப்பார்வை இருக்கக் கூடாது. லேசிக் செய்த கண்ணையும் அங்கே ஏற்பதில்லை. ஆகவே அந்த வாசல் உங்களுக்கு இல்லை. அதை நினைத்து இன்னொரு நாளையும் வீணாக்காதீர்கள்.

பட்டதாரி வாசலில் லேசிக், அதைப் போன்ற இன்னொரு லேசர் முறையான பிஆர்கே செய்தவர்களை ஏற்கிறார்கள், சில நிபந்தனைகளோடு. சிகிச்சை 20 வயதுக்கு முன் நடந்திருக்கக் கூடாது. நடந்து குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் பவர் மைனஸ் 6-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. சிகிச்சைக்குப் பின் கருவிழியின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. 20 வயது என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. பதின்வயதில் கண்ணின் நீளம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். இன்று சரிசெய்த பவர் இரண்டு வருடத்தில் திரும்ப ஏறலாம். கண் மருத்துவமனையில் 18 முடிந்தால் போதும் என்றுதான் சொல்வார்கள். ஒரு சாதாரண நோயாளிக்கு அது சரியே. அவர்கள் உங்களைப் போர் விமானியாகப் பார்க்கவில்லை; நீங்களும் அவர்களிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

கணக்குப் பார்த்தால் உங்களுக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் நான்கு மாதத்தில் 20 முடிகிறது. அதன் பிறகு சிகிச்சை, பின் 12 மாதம். அப்போது பட்டமும் கையில் வந்திருக்கும். ஏஎஃப்கேட் பறக்கும் பிரிவுக்கு, பயிற்சி தொடங்கும்போது வயது 20-லிருந்து 24-க்குள் இருந்தால் போதும். பட்டத்தில் 60 சதவீதம் தேவை என்பதை மறக்காதீர்கள். கனவுக்கு நடுவில் பல பிள்ளைகள் கோட்டை விடுவது இந்த 60-ஐத்தான்.

அந்த நாள் வருவதற்குள் செலவில்லாத சோதனைகளை முடித்துவிடுங்கள். இதில் வரிசை முக்கியம். முதலில் நிறப்பார்வை. அரசு மருத்துவமனையின் கண் பிரிவில், புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் புத்தகத்தைக் காட்டிச் சோதிப்பார்கள். சில நிமிட வேலை. பறக்கும் பிரிவுக்கு நிறப்பார்வையின் மிக உயர்ந்த தரம் கேட்கிறார்கள். அதில் குறை இருந்தால் உலகத்தில் எந்த அறுவை சிகிச்சையும் உதவாது. பிறகு லேசிக் செலவே வீண். அடுத்தது உடல் அளவுகள். உயரம் குறைந்தது 162.5 செ.மீ. உட்கார்ந்த உயரம் 81.5-லிருந்து 96 செ.மீ.க்குள். கால் நீளம் 99-லிருந்து 120 செ.மீ.க்குள். தொடை நீளம் 64 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. தொடை நீளமாக இருந்தால், அவசரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் முன்பலகையில் அடிபடும். சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, தையல்காரர் டேப் வைத்து வீட்டிலேயே தோராயமாக அளந்துவிடலாம். மூன்றாவதாகக் கருவிழித் தடிமன். சிகிச்சை முடிவெடுக்கும் காலத்தில் அதை அளந்து, பவரின் அலகான ஒவ்வொரு டயாப்டருக்கும் எவ்வளவு மைக்ரான் போகும், மிச்சம் எவ்வளவு நிற்கும் என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பிஆர்கே முறையில் கருவிழியில் மடல் வெட்டுவதில்லை; ஆறுவதற்கு மட்டும் கூடுதல் நாளாகும், வலியும் அதிகம். எதைத் தேர்ந்தாலும் அந்த முறையின் பெயர் அந்த வருட அறிவிக்கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். விதிகள் மாறும். சிகிச்சைக்குப் பின் சிலருக்கு இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும், கண் வறளும் என்பதையும் தெரிந்தே இறங்குங்கள்.

ஆறு மா நிலமும் வணிக உரிமமும்

இங்கே உங்கள் கணக்கு அடிப்படையிலேயே பிசகுகிறது. வணிக விமானி உரிமம் இருந்தால் விமானப்படை உங்களை முன்வரிசையில் உட்கார வைக்காது. ஏஎஃப்கேட்டில் அது தரும் சலுகை ஒன்றே ஒன்று: வயது வரம்பு 24-லிருந்து 26 ஆகும். பத்தொன்பதைக்கூட எட்டாத உங்களுக்கு இப்போது அதனால் ஒரு பயனும் இல்லை. தேர்வானபின் ஐதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமியில் எல்லாரும் பைலட்டஸ் பிசி-7 பயிற்சி விமானத்தில் ஆரம்பப் பாடத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அந்தப் பயிற்சி முழுவதும் அரசுச் செலவு. பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

அதே நேரம் வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு 40 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை ஆகும். ஒரு விமான நிறுவனத்தில் வேலை என்றால் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சி தனிச் செலவு. உரிமம் கையில் இருந்தும் இரண்டு, மூன்று வருடம் வேலைக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பயணிகள் விமானம் ஓட்டுவதும் நல்ல தொழில்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குக் கண்ணாடியும் தடையில்லை. ஆனால் அதை விரும்பிப் போக வேண்டும்; போர் விமானத்துக்குப் படிக்கட்டாக நினைத்துப் போகக் கூடாது. ஒருவேளை பின்னாளில் அந்தப் பக்கம் போனால், விமானப் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டும் முன், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) அங்கீகரித்த வழியில் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். நிலத்தை விற்றுப் பணம் கட்டியபின் மருத்துவத்தில் விழுந்தால், கட்டணம் முழுதாகத் திரும்பாது.

நிலத்தைப் பற்றி இன்னொன்று. அது பூர்வீகச் சொத்தாக இருந்தால், 2005-ல் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கு உள்ள அதே பங்கு உங்கள் தங்கைக்கும் பிறப்பிலேயே உண்டு. பட்டா அப்பா பெயரில் இருப்பதால் அந்தப் பங்கு இல்லாமல் போய்விடாது. பத்திரம் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரிடம் மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள். மூன்று மா நிலத்தை வைத்துக்கொண்டு, மேட்டூர் திறப்பதும் திறக்காததுமாக உள்ள வருடங்களில் அப்பா என்ன செய்வார் என்பதையும் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். அவர் “வித்துத் தர்றேன்” என்றது பாசத்தில். அதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் பொறுப்பு.

ஒரே ஒரு முறை வரும் சோதனை

“இந்த முறை இல்லாவிட்டால் அடுத்த முறை” என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்துத் தேர்வுக்கும், ஐந்து நாள் நேர்முகத் தேர்வு நடத்தும் தேர்வு வாரியத்துக்கும் அது பொருந்தும். விமானி தகுதிச் சோதனையான சிபிஎஸ்எஸ்-க்குப் பொருந்தாது. அது வாழ்நாளில் ஒரு முறைதான். அதில் தவறினால் பறக்கும் பிரிவுக்கு எந்த வழியாகவும் மறுபடி வர முடியாது. ஆகவே ‘சும்மா போய்ப் பார்த்துட்டு வருவோம்’ என்று கிளம்பாதீர்கள்.

சோதனையில் விமானக் கருவிகளின் முகப்பைக் காட்டி, விமானம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பார்கள். கைக் கட்டுப்பாட்டையும் காலடி மிதிகளையும் ஒரே நேரத்தில் இயக்கி, திரையில் ஓடும் புள்ளியைப் பிடித்து வைக்கச் சொல்வார்கள். பலர் தடுமாறுவது இரண்டு கருவிகளில். ஒன்று உயரமானி: சின்ன முள் ஆயிரம் அடி, பெரிய முள் நூறு அடி. சின்ன முள் 4-க்கும் 5-க்கும் நடுவில், பெரிய முள் 6-ல் என்றால் 4,600 அடி. அவசரத்தில் 5,600 என்று குறித்துவிடுவார்கள். இன்னொன்று செயற்கை அடிவானம். கோடு இடப்பக்கம் தாழ்ந்திருந்தால் விமானம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அடிவானம் அங்கேயேதான் இருக்கிறது, சாய்வது நாம் என்பதை மனம் ஏற்கும்வரை வரைந்து வரைந்து பழகுங்கள். இதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

மூன்று லட்சம் கேட்கும் மையம் தரும் ‘உறுதி’யை நம்பாதீர்கள். படத்தைப் பார்த்துக் கதை எழுதுவது, 15 நொடிக்கு ஒரு சொல்லுக்கு மனதில் பட்டதை எழுதுவது, குழுவாகத் தடை தாண்டுவது, தனி நேர்முகம் என்று ஐந்து நாள் மூன்று வெவ்வேறு அதிகாரிகள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். மனப்பாடம் செய்த பதில் அங்கே முதல் நாளே வெளுத்துவிடும். தமிழ்வழியில் படித்த உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது ஆங்கிலம். வினாத்தாளிலும் குழு விவாதத்திலும் அது இல்லாமல் முடியாது. தினம் அரை மணி நேரம், ஒரு நண்பரோடு, நாளிதழ்ச் செய்தி ஒன்றைப் பற்றி வாய்விட்டுப் பேசுங்கள். இலக்கணப் பிழை வந்தால் வரட்டும், பேச்சு நிற்காமல் இருந்தால் போதும். கல்லூரியில் என்சிசி வான்பிரிவு இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். ‘சி’ சான்றிதழுக்கு மூன்று வருடம் பிடிக்கும். முதலாண்டில் சேராவிட்டால் பட்டம் முடிவதற்குள் அது கைக்கு வராது. அந்தச் சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கும் தனி வழி திறக்கும்.

140-ல் ஓட்டும் கார்

இதை நேர்முகத்தில் சொல்லாதீர்கள் என்று மட்டும் சொல்லி விடமாட்டேன், ஓட்டுவதையே நிறுத்துங்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன், நீங்கள் இயற்பியல் மாணவர்.

காய்ந்த சாலை, நல்ல டயர். 80 கி.மீ. வேகத்தில் ஆபத்தைக் கண்டு, பிரேக்கை மிதித்து, கார் நிற்கச் சுமார் 70 மீட்டர் ஆகும். 140-ல் சுமார் 170 மீட்டர். வேகம் ஒன்றே முக்கால் மடங்குதான் கூடியது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் மூன்று மடங்காகிறது. இது காய்ந்த சாலைக் கணக்கு. நம் ஊரில் குறுவை, சம்பா அறுப்பு நாளில் பாதிச் சாலையில் நெல் காயும். டயருக்கும் தாருக்கும் நடுவில் நெல்மணி உருளைபோல் உருளும். பிடிமானம் பாதியாகக் குறைந்தால் பிரேக் தூரம் இரட்டிப்பாகும். அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறும் இடத்தில் சேறு கிடக்கும். பின்விளக்கு இல்லாத வைக்கோல் டிராக்டரை இரவில் 170 மீட்டருக்கு முன்பே உங்கள் முகப்பு விளக்கு காட்டாது. ஒரு முதுகெலும்பு முறிவு போதும், எறி இருக்கையின் உதையைத் தாங்க முடியாது என்று மருத்துவக் குழு திருப்பி அனுப்பிவிடும். சாலையில் எதிரே வருகிறவரின் உயிரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விமானம் ஓட்டுவது வேகமான கைகளின் வேலை என்பது பரவலான தவறான எண்ணம். அது வரிசையின் வேலை. கண் எங்கே, எந்த ஒழுங்கில் போகிறது என்பதன் வேலை. ஸ்டால் என்றால் என்ஜின் நின்றுபோவது என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் திருத்திக்கொள்ளுங்கள். என்ஜின் முழு வலுவில் இருக்கும்போதே ஸ்டால் ஆகலாம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஒரு அளவைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடாமல் பிய்ந்துவிடும். வெண்ணாற்றில் தண்ணீர் முழுசாக வரும்போது பாலத் தூணுக்குப் பின்னால் சுழித்துக் குழம்புமே, அதுபோல. நேராகப் பறக்கும்போது 200 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகும் ஒரு விமானம், உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் 280-லேயே ஸ்டால் ஆகும். அந்தத் திருப்பத்தில் அதன் எடை இரண்டு மடங்காகிறது. போர் விமானத்தில் ஒன்பது மடங்கு வரை போகும். 70 கிலோ உடம்பு 630 கிலோவாக உணரும், ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருளும். அழுத்த உடையோடு, தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூன்று நொடிக்கு ஒருமுறை மூச்சை மாற்றித் தாங்க வேண்டும். ஆகவே ஜிம்மில் புஜத்தை விட்டுத் தொடை, இடுப்பு, வயிறு ஆகியவற்றுக்கு வேலை கொடுங்கள். வாரம் நான்கு நாள் நான்கு கிலோமீட்டர் ஓடுங்கள்.

காரிலேயே விமானிக்கான பழக்கத்தைக் கற்க வேண்டுமா? 60-ல் ஓட்டுங்கள். சாலை, இடக் கண்ணாடி, சாலை, வேகமானி, சாலை, வலக் கண்ணாடி என்று கண் ஓயாமல் சுற்றட்டும். எதிலும் ஒரு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. முள் 58-க்கும் 62-க்கும் நடுவிலேயே இருக்கட்டும். பின்சீட்டில் தூங்கும் அப்பாயி, தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வரை ஒரு பிரேக்குக்கும் விழிக்கவில்லை என்றால், அதுதான் பயிற்று விமானி உங்களிடம் தேடும் கை.

எது சிறந்த விமானம்?

என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன். எந்த வேலைக்கு என்று சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நம் தலைக்கு மேல் போகும் சுகோய்-30 எம்கேஐ இரண்டு என்ஜின், இரண்டு இருக்கை, அதிகபட்சப் புறப்பாட்டு எடை 38.8 டன். சுமார் ஒன்பதரை டன் எரிபொருளை உள்ளேயே சுமக்கும். 2020 ஜனவரி 20-ல் 222-வது போர் விமான அணி தஞ்சை விமானப்படைத் தளத்தில் சேர்க்கப்பட்டதன் காரணமும் அதுதான்: இரண்டரை டன் பிரமோஸ் ஏவுகணையைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு மேல் நெடுந்தூரம் போக இந்த உடம்பு வேண்டும். அதன் என்ஜின் முனை திரும்பும் என்பதால் வித்தை காட்டுவதில் நிகரில்லை. ஆனால் அவ்வளவு பெரிய உடம்பு எதிரியின் ராடாரில் தூரத்திலேயே தெரியும். தேஜஸ் 13.5 டன், ஒற்றை என்ஜின், பின்வால் இறக்கை கிடையாது. முதன்மை இறக்கை நம் பகுதியைப் போலவே முக்கோண டெல்டா. வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைத்து, நான்கு வழிக் கணினிக் கட்டுப்பாட்டால் பிடித்து வைத்திருக்கிறார்கள். ரஃபேல் இரண்டுக்கும் நடுவில், 24.5 டன், அதன் பலம் வேகத்தைவிட உணரிகளிலும் மின்னணுத் தற்காப்பிலும். ஒரு விமானியின் மனதுக்கு எனக்குப் பிடித்தது தேஜஸ். தஞ்சாவூர் செய்ய வேண்டிய வேலைக்கு சுகோய்தான்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. எந்த விமானம் என்பதை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அகாடமியில் ஆரம்பக் கட்டப் பறத்தல் முடிந்ததும் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். தரவரிசை, திறமை, படையின் தேவை மூன்றும் சேர்ந்து முடிவு செய்யும். போர்ப் பிரிவுக்கு வந்தவர்களே கர்நாடகத்தின் பீதரில் ஹாக் பயிற்சி விமானத்துக்குப் போவார்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியபோது உணவும் தண்ணீரும் கொண்டுவந்து இறக்கியதில் விமானப்படை ஹெலிகாப்டர்களுக்கும் பங்கு உண்டு. அந்த இருக்கை கிடைத்தால் மகிழ்ச்சியாக உட்காருவீர்களா? இந்தக் கேள்வி உங்கள் நேர்முகத்திலும் வரும். உண்மையான பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

தங்கை

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரி. பதினோராம் வகுப்பு, கண்ணாடி இல்லை, இதே ஆசை. உங்களுக்கு மூடிய என்டிஏ வாசல் அவருக்குத் திறந்திருக்கிறது. 2016-லிருந்து பெண்கள் போர் விமானம் ஓட்டுகிறார்கள். 2022-லிருந்து என்டிஏவில் பெண்கள் படிக்கிறார்கள். பன்னிரண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்க வேண்டும். அவர் எடுத்திருக்கும் பிரிவு எது என்று நீங்கள் எழுதவில்லை. பன்னிரண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத் திறனுக்கு 600. பறக்கும் பிரிவில் பெண்களுக்கான இடங்கள் மிகக் குறைவு என்பதை மறைக்கவில்லை.

செல்போனை இருட்டில் முகத்துக்கு அருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அவருடைய கண் இப்போது உங்கள் வீட்டின் பெரிய சொத்து. நீங்கள் அரசு மருத்துவமனைக்கு நிறப்பார்வை சோதிக்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். அவருடைய உயரம், கால் நீளம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடப் பிரிவு மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த பதில் அவருக்கு.